மேலாளரோடு முரண்பட்ட கதையைச் சொல்லக் கற்றேன்

"மேலதிகாரியோடு கருத்து வேறுபட்ட ஒரு சமயத்தைச் சொல்லுங்கள்." இந்தக் கேள்வியில் இரண்டு நேர்காணல்களைக் கோட்டைவிட்டேன். முதல் முறை, "அப்படி எதுவுமே நடந்ததில்லை, சார்" என்றேன். எதிரே இருந்தவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அடுத்த முறை பழைய மேலாளரின் குறைகளைக் கொட்டினேன். அது இன்னும் மோசம்.

மூன்றாவதற்கு முன் ஒரு நோட்டில், பதிலை நான்கு பகுதியாகப் பிரிக்கும் ஸ்டார் (STAR) முறைப்படி எழுதிப் பார்த்தேன்: சூழல், பொறுப்பு, செய்தது, விளைவு. சூழல் ஒரு பக்கம் ஓடியிருந்தது. நான் செய்தது ஒற்றை வரி. கோளாறு அங்கேதான். சூழலை இரண்டு வரிக்குச் சுருக்கினேன். 'நாங்கள்' என்று மழுப்பிய இடங்களில் 'நான்' என்று திருத்தினேன்.

சொன்ன சம்பவம் இதுதான். கோவையில் பம்ப் உதிரிபாக ஆலை ஒன்றில் தரப் பரிசோதகராக இருந்தேன். ஒரு தட்டு ஷாஃப்டுகள் மைக்ரோமீட்டரில் 0.02 மி.மீ. கூடுதலாகக் காட்டின. அனுப்பிவிடச் சொன்னார் மேலாளர். நான் வாதிடவில்லை, பத்து ஷாஃப்டுகளை எடுத்து அவர் முன்னாலேயே பேரிங்கில் பொருத்தினேன். மூன்று உள்ளே இறங்கவில்லை. அன்றிரவே அரைத்துச் சரிசெய்தோம், லாரி மறுநாள் காலை கிளம்பியது.

"அவர் கோபப்படவில்லையா?" என்று கேட்டார்கள். இதற்கு நான் தயாராகவில்லை, நடந்ததையே சொன்னேன்: "இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அடுத்த தட்டை அளந்து பார்க்கச் சொல்லி அவரே அழைத்தார்."

பத்து நாளில் பணி ஆணை வந்தது.