எப்ஸ்டீன் வழக்கைப் பேசும்போது நாம் செய்கிற தவறுகள்

2008 ஜனவரியில் ஃப்ளோரிடாவில், சிறுமிகளைப் பாலியல் சுரண்டலுக்கு ஆளாக்கிய பணக்காரர் ஜெஃப்ரி எப்ஸ்டீனால் பாதிக்கப்பட்ட சிலருக்கு அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வழக்கு விசாரணையில் இருக்கிறது, நாளாகலாம், பொறுமையாக இருங்கள் என்பது அதன் சாரம். ஆனால் அந்த வழக்கின் தலையெழுத்து நாலு மாதம் முன்பே, 2007 செப்டம்பரில், எழுதி முடிக்கப்பட்டிருந்தது. ஃபெடரல், அதாவது மத்திய அரசின் வழக்கறிஞர்களும் எப்ஸ்டீன் தரப்பும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். கடிதம் வாங்கியவர்களுக்கு அது தெரியாது.

பெரிய மனிதர்கள் சிக்கிய பாலியல் வழக்குகளைப் பற்றித் தமிழில் இப்போது நிறைய எழுதுகிறோம், யூடியூபில் அதைவிட நிறையப் பேசுகிறோம். கவனித்துப் பார்த்தால் அதே சில தவறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. பலவற்றுக்கும் காரணம் ஒன்று: நாம் நீதிமன்றத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். அமெரிக்க ஃபெடரல் வழக்குகளில் முக்கியமான முடிவு பல நேரம் நீதிமன்ற வாசலுக்கே வருவதில்லை. அரசு வழக்கறிஞரின் அலுவலக அறையிலேயே முடிந்துவிடுகிறது.

அரசு வழக்கறிஞர் யாருடைய வக்கீல்?

பாதிக்கப்பட்ட பெண்ணின் வக்கீல் என்று நினைப்பதுதான் முதல் தவறு. அவருடைய கட்சிக்காரர் அமெரிக்க அரசு. வழக்குப் போடுவதா, எந்தப் பிரிவில் போடுவது, பேரம் பேசி முடிப்பதா என்பதெல்லாம் அவர் கையில். பாதிக்கப்பட்டவர் வேண்டாம் என்றாலும் வழக்கு நடக்கலாம், கெஞ்சினாலும் நடக்காமல் போகலாம்.

சரி, அப்படியானால் பாதிக்கப்பட்டவருக்கு என்னதான் உரிமை? 2004-ல் வந்த குற்றத்தால் பாதிக்கப்பட்டோர் உரிமைச் சட்டம் ஒரு பட்டியல் தருகிறது. நீதிமன்றத்தில் நடப்பதை உரிய நேரத்தில் அறியலாம். ஜாமீன், குற்ற ஒப்புதல், தண்டனை ஆகிய கட்டங்களில் நீதிபதி முன் பேசலாம். இழப்பீடு கேட்கலாம். கண்ணியத்தோடு நடத்தப்பட வேண்டும். அரசு வழக்கறிஞரோடு கலந்து பேசவும் உரிமை உண்டு. கலந்து பேசத்தான், முடிவைத் தடுக்க அல்ல. வழக்கறிஞரின் முடிவெடுக்கும் அதிகாரத்தில் தலையிடுவதாக இந்தச் சட்டத்தை அர்த்தப்படுத்தக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டது போலத்தான் எனக்குத் தோன்றுகிறது.

பேரம் என்றால் எந்தப் பேரம்?

'எப்ஸ்டீன் குற்றத்தை ஒப்புக்கொண்டு குறைந்த தண்டனை வாங்கினார்' என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். பொய்யில்லை, ஆனால் முக்கியமான இடத்தை அது மறைத்துவிடுகிறது. நடந்தவை இரண்டு தனித்தனிக் காரியங்கள்.

பாம் பீச் போலீஸ் 2005-ல் விசாரணையைத் தொடங்கியது. மாநில அரசு வழக்கறிஞர் அதைக் கிராண்ட் ஜூரியிடம் (குற்றம் சாட்டலாமா என்று தீர்மானிக்கும் குடிமக்கள் குழு) கொண்டுபோனபோது, 2006-ல் வெளியே வந்தது ஒரே ஒரு குற்றச்சாட்டு, அதுவும் விபசாரத்துக்கு அழைத்தார் என்பது. போலீஸ் தலைவர் மைக்கேல் ரைட்டர் அதை ஏற்காமல் எஃப்.பி.ஐ.யிடம் போனார். இப்படித்தான் ஃபெடரல் விசாரணை வந்தது. தெற்கு ஃப்ளோரிடா ஃபெடரல் அலுவலகத்தில் வழக்கைக் கையில் வைத்திருந்த வழக்கறிஞர் 53 பக்கத்துக்கு ஒரு குற்றப்பத்திரிகை வரைவே தயார் செய்தார். அது தாக்கல் ஆகவில்லை. அலுவலகத்தின் தலைவர் அலெக்ஸ் அகோஸ்டா. அவருடைய அலுவலகம் போட்டது 'வழக்குத் தொடர மாட்டோம்' என்கிற ஒப்பந்தம்.

இதுதான் ஃபெடரல் காரியம். எப்ஸ்டீன் மாநில நீதிமன்றத்தில் இரண்டு குற்றங்களை ஒப்புக்கொண்டால் ஃபெடரல் வழக்கு வராது. அவருக்கு உடந்தையாக இருந்தவர்கள் மீதும் வராது. நாலு பேரின் பெயரைக் குறிப்பிட்டுவிட்டு, இன்னும் இருக்கக்கூடிய கூட்டாளிகளையும் சேர்த்துக்கொண்டது அந்த வாசகம். குற்ற ஒப்புதல் பேரம் என்றால் நீதிபதி முன் வர வேண்டும், அவர் கேள்வி கேட்பார், ஏற்காமலும் போகலாம். இந்த ஒப்பந்தமோ எந்த ஃபெடரல் நீதிபதியின் ஒப்புதலுக்கும் போகவில்லை. இதை 'நீதிமன்றம் கொடுத்த சலுகை' என்று எழுதினால் பழி தவறான வாசலில் போய் விழுகிறது.

மாநிலக் காரியம் 2008 ஜூன் 30-ல் முடிந்தது. 18 மாதத் தண்டனை. உள்ளே இருந்தது சுமார் 13 மாதம். அதிலும் வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு 12 மணி நேரம் வரை வெளியே போய்த் தன் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்க அனுமதி. சிறைவாசம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பாதிக்கப்பட்டவர்களிடம் ஏன் சொல்லவில்லை? பின்னால் நீதித்துறை அமைச்சகமே நடத்திய உள்விசாரணையில் ஒரு காரணம் வந்தது. ஒப்பந்தத்தில் இழப்பீடு பற்றிய பகுதியும் இருந்தது. அதைச் சொல்லிவிட்டு, அப்புறம் ஒப்பந்தம் முறிந்து வழக்கு நடந்தால், 'பணம் கிடைக்கும் என்று தெரிந்துதான் சாட்சி சொல்கிறார்கள்' என்று எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணையில் கிழித்துவிடும் என்ற பயம். வழக்கறிஞரின் பார்வையில் இது நியாயமான கவலைதான். ஆனால் சாட்சியைக் காப்பாற்றுவதாக நினைத்து, அந்தச் சாட்சியையே இருட்டில் நிறுத்தினார்கள். 2020 நவம்பரில் வந்த அந்த அறிக்கை, அகோஸ்டாவின் முடிவை 'மோசமான கணிப்பு' என்றது. தொழில்முறைக் குற்றம் என்று சொல்லவில்லை.

பாதிக் கதையில் நிறுத்துவது

2019 பிப்ரவரியில் ஃபெடரல் நீதிபதி கென்னத் மாரா, பாதிக்கப்பட்டவர்களுக்குத் தெரியாமல் ஒப்பந்தம் போட்டது 2004 சட்டத்தை மீறிய செயல் என்று தீர்ப்புச் சொன்னார். வழக்குப் போட்டவர்கள் பெயர் வெளியிடாத இரண்டு பெண்கள். 2008 ஜூலையில் தொடங்கிப் பத்து வருடத்துக்கு மேல் போராடினார்கள். தமிழில் நான் பார்த்த பதிவுகளில் பல இங்கேயே வெற்றி என்று முடித்துவிடுகின்றன.

முடியவில்லை. அட்லாண்டாவில் உள்ள 11-வது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் 2020-ல் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பெண்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2021 ஏப்ரலில் முழு அமர்வும் 7-க்கு 4 என்று அதையே சொன்னது. குற்றப்பத்திரிகையே தாக்கல் ஆகாத நிலையில் இந்தச் சட்டத்தை வைத்துத் தனியாக வழக்குப் போட முடியாது என்பது காரணம். தீர்ப்பெழுதிய நீதிபதி கெவின் நியூசம் நடந்ததைத் தேசிய அவமானம் என்றே எழுதினார். ஆனால் சட்டத்தில் இடமில்லை என்றார். உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்துவிட்டது.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். வழக்குத் தாக்கலானால் பாதிக்கப்பட்டவருக்கு உரிமைகள் உண்டு, மீறினால் மேல்முறையீட்டு நீதிமன்றம் 72 மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்றுகூட இருக்கிறது. வழக்கே வேண்டாம் என்று கதவுக்குப் பின்னால் முடித்துவிட்டாலோ, தட்டுவதற்குக் கதவு இல்லை. 2015-ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, பேரம் நடந்தால் உரிய நேரத்தில் தெரிவிக்க வேண்டும் என்று சேர்த்தது. அதில் குற்ற ஒப்புதல் பேரமும் வழக்கை ஒத்திவைக்கும் ஒப்பந்தமும்தான் பெயர் சொல்லி இருக்கின்றன. எப்ஸ்டீனுக்குக் கிடைத்த வகை அந்தப் பட்டியலில் இல்லை.

மாநிலமா, ஃபெடரலா?

அமெரிக்காவில் நடந்தது என்றாலே ஃபெடரல் வழக்கு என்று எழுதிவிடுகிறோம். ஹாலிவுட் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீன் மீதான வழக்குகள் மாநில வழக்குகள். நடிகர் பில் காஸ்பி மீதானதும் அப்படியே. பாலியல் வன்முறை சாதாரணமாக மாநிலச் சட்டத்தின் விஷயம். மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோவது, ஆட்கடத்தல், கூட்டமாகத் திட்டமிட்டுச் செய்வது என்று ஏதாவது இருந்தால்தான் ஃபெடரல் வழக்கறிஞர்கள் நுழைவார்கள். 2008-ல் இலினாய் மாநில வழக்கில் விடுதலையான பாடகர் ஆர். கெல்லிக்கு, 2021-ல் புரூக்ளின் ஃபெடரல் நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. மாஃபியா கும்பல்களுக்காக 1970-ல் வந்த சட்டத்தை எடுத்து, பல ஆண்டுச் சம்பவங்களை ஒரே தொடராகக் கோத்துவிட்டார்கள். 30 வருடத் தண்டனை.

ஜிம்னாஸ்டிக்ஸ் மருத்துவர் லாரி நாசர் விஷயத்தில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். 150-க்கும் மேற்பட்டவர்கள் எழுந்து நின்று அவர் முகத்துக்கு நேரே பேசினார்களே, அது மிஷிகன் மாநில நீதிமன்றம். ஃபெடரல் வழக்கில் அவர் வாங்கிய 60 ஆண்டு, குழந்தைகளின் ஆபாசப் படங்களை வைத்திருந்ததற்காக. ஃபெடரல் தரப்பின் பெரிய சறுக்கல் வேறிடத்தில். 2015 ஜூலையிலேயே இண்டியானாபொலிஸ் எஃப்.பி.ஐ. அலுவலகத்துக்குப் புகார் போயிருந்தது. அவர்கள் அதைக் கிடப்பில் போட்டார்கள். அதற்குப் பிறகான ஓராண்டு இடைவெளியில் மேலும் பலர் பாதிக்கப்பட்டார்கள். 2024-ல் நீதித்துறை அமைச்சகம் 13.87 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

ஓர் அலுவலகத்தின் வாக்குறுதி நாடு முழுக்கச் செல்லுமா?

'2007 ஒப்பந்தம் இருக்கும்போது எப்ஸ்டீனின் கூட்டாளி கிஸ்லேன் மேக்ஸ்வெல்லை எப்படிக் கைது செய்தார்கள்?' என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்விதான், அவருடைய வக்கீல்களும் அதையே கேட்டார்கள். அமெரிக்காவில் 94 ஃபெடரல் மாவட்டங்கள் இருக்கின்றன. ஒரு மாவட்டத்து வழக்கறிஞர் கொடுத்த வாக்கு, வேறு மாதிரி வெளிப்படையாக எழுதியிருந்தாலொழிய, இன்னொரு மாவட்டத்தைக் கட்டாது என்பது நியூயார்க்கை உள்ளடக்கிய 2-வது வட்ட நீதிமன்றத்தின் நிலைப்பாடு. அப்படித்தான் 2021 டிசம்பரில் குற்றவாளி என்ற தீர்ப்பும், 2022-ல் 20 ஆண்டுத் தண்டனையும் நின்றன. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவருடைய மனுவை எடுக்க மறுத்தது.

இதை வைத்து, அரசு வழக்கறிஞரின் வாக்குக்கு மதிப்பே இல்லை என்று எதிர்ப்பக்கமும் சாயக் கூடாது. 2005-ல் பென்சில்வேனியாவில் உள்ளூர் அரசு வழக்கறிஞர் ஒருவர் 'வழக்குப் போட மாட்டேன்' என்று சொன்னதை நம்பித்தான் காஸ்பி சிவில் வழக்கில் வாய் திறந்தார் என்று சொல்லி, 2021-ல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

நம் சொற்கள்

இங்கே தமிழ்ச் செய்தி எழுதுகிறவர்கள்மேல் எனக்குக் கோபமே உண்டு. 14 வயதுப் பிள்ளையைப் பற்றி எழுதும்போது 'உல்லாசம்' என்கிறோம், 'அழகி' என்கிறோம். ஃப்ளோரிடாவிலும் இதே நோய்தான். 2008-ல் எப்ஸ்டீன் ஒப்புக்கொண்ட இரண்டு குற்றங்களில் ஒன்றின் பெயரே 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரை விபசாரத்துக்கு ஏற்பாடு செய்தது என்பதுதான். சிறுமியை விலைமாதாக்கிவிட்டது சட்டத்தின் மொழி. ஃபெடரல் ஆட்கடத்தல் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே என்றால் மிரட்டினார்களா, ஏமாற்றினார்களா என்று நிரூபிக்கவே தேவையில்லை. பணம் வாங்கினாள், தானே போனாள் என்பதெல்லாம் பதிலே ஆகாது.

'இத்தனை வருடம் ஏன் சும்மா இருந்தார்கள்?' என்பதும் இதோடு ஒட்டிய கேள்வி. பாம் பீச் பெண்கள் சும்மா இருக்கவில்லை, 2005-லேயே போலீஸிடம் சொன்னார்கள். பொறுத்திருங்கள் என்று கடிதம் அனுப்பியது அரசு. தாமதமாகச் சொல்பவர்களுக்கும் சட்டம் வழி வைத்திருக்கிறது. சிறார்மீதான பல ஃபெடரல் பாலியல் குற்றங்களுக்கு 2006-லிருந்து காலவரம்பே கிடையாது.

செத்துவிட்டால்?

2019 ஜூலையில் நியூயார்க் வழக்கறிஞர்கள் எப்ஸ்டீனைக் கைது செய்தார்கள். ஆகஸ்ட் 10-ல் சிறையில் இறந்துபோனார். குற்றம் சாட்டப்பட்டவர் செத்தால் குற்ற வழக்கும் முடிந்தது, தீர்ப்பு வராது. ஆனாலும் நீதிபதி ரிச்சர்ட் பெர்மன் வழக்கைத் தள்ளுபடி செய்வதற்கு முன், ஆகஸ்ட் 27-ல் நீதிமன்றத்தைத் திறந்துவைத்து வந்தவர்களையெல்லாம் பேசச் சொன்னார். இருபதுக்கும் மேற்பட்டவர்களின் குரல் அன்று பதிவானது. பணம் தனி வழியில் வந்தது. அவர் சொத்திலிருந்து அமைந்த இழப்பீட்டு நிதி 12 கோடி டாலருக்கு மேல் கொடுத்தது. 2023-ல் எப்ஸ்டீன் கணக்கு வைத்திருந்த ஜேபி மார்கன் வங்கி பாதிக்கப்பட்டவர்களோடு 29 கோடி டாலருக்குச் சமரசம் செய்தது.

கடைசியாகப் பெயர்கள். 2025 நவம்பரில் எப்ஸ்டீன் ஆவணங்களை வெளியிடச் சொல்லும் சட்டம் வந்த பிறகு, 'லிஸ்ட்' தேடுவது ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. விமானப் பதிவிலோ முகவரிப் புத்தகத்திலோ ஒரு பெயர் இருப்பது குற்றச்சாட்டு ஆகாது. விசாரணைக் கோப்பில் சாட்சி பெயரும் இருக்கும், வீட்டுக்குக் குழாய் மாட்ட வந்தவர் பெயரும் இருக்கும். அதே சட்டம் பாதிக்கப்பட்டவர்களின் அடையாளத்தை மறைத்து வெளியிட அனுமதிக்கிறது. வாட்ஸ்அப்பில் ஒரு பக்கம் வந்து விழுந்து, அதில் மறைக்காமல் விட்டுப்போன ஒரு பெண்ணின் பெயர் உங்கள் கண்ணில் பட்டால், அடுத்த குழுவுக்கு அனுப்பாதீர்கள். இந்தக் கட்டுரையில் அவர்களில் ஒருவர் பெயரையும் நான் எழுதவில்லை.