தேசியக் கொடி தைப்பவரும் ஏற்றுபவரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆகஸ்ட் நெருங்கினால் திருப்பூர், ஈரோடு, கோவைப் பகுதிகளின் தையல் கூடங்களுக்கும் பிரிண்டிங் பட்டறைகளுக்கும் தேசியக் கொடி ஆர்டர்கள் வரத் தொடங்கிவிடும். 2021 டிசம்பரில் இந்தியக் கொடி விதிகள் திருத்தப்பட்டு, பாலியஸ்டர் துணிக்கும் இயந்திரத் தயாரிப்புக்கும் இடம் கிடைத்தது. ஆனால் அளவில் எந்தத் தளர்வும் தரப்படவில்லை என்பதை அவசர ஆர்டரில் பலர் மறந்துவிடுகிறார்கள்.

900-க்கு 600 மில்லிமீட்டர் கொடியை எடுத்துக்கொள்வோம். மூன்று பட்டைகளும் தலா 200 மில்லிமீட்டர். சக்கரத்தின் விட்டம் 185. ஆக, வெள்ளைப் பட்டையில் சக்கரத்துக்கு மேலும் கீழும் எஞ்சுவது ஏழரை மில்லிமீட்டர்தான். கட்டிங்கில் 600 என்றே வெட்டிவிட்டு, மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் ஒவ்வொரு சென்டிமீட்டர் மடித்துத் தைத்தால், காவியும் பச்சையும் 190 ஆகக் குறைய, வெள்ளை மட்டும் 200 ஆகவே நிற்கும். மூன்றும் சமம் என்ற அடிப்படையே அங்கே போய்விடுகிறது. மடிப்புக்குரிய துணியைக் கூட்டி வெட்டுவதும், அந்தப் பகுதிக்கும் சேர்த்தே நிறம் அச்சிடுவதும்தான் சரியான முறை. சிறிய கொடிகளில் மை பரவி ஆரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் உண்டு. ஆரங்கள் 24-ம் எண்ணும்படி இருக்க வேண்டும். சக்கரம் இரு பக்கமும் முழுமையாகத் தெரிய வேண்டும்.

நிறங்களை மதங்களுக்குப் பங்கிட்டுச் சொல்வது, பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் இன்றும் கேட்கிற தவறு. 1921-இல் உருவான கொடிக்கு அப்படி விளக்கம் இருந்தது உண்மை. 1931-இல் காங்கிரஸ் அதைக் கைவிட்டு, காவி துணிவையும் தியாகத்தையும், வெள்ளை உண்மையையும் அமைதியையும் குறிக்கும் என்றது. 1947-இல் அரசியல் நிர்ணய சபையில் பேசிய ராதாகிருஷ்ணன், பச்சை என்பது மண்ணோடும் பயிரோடும் நமக்குள்ள உறவு என்றார். உழவும் தறியும் வாழ்வாகக் கொண்ட கொங்கு நாட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர இதைவிடப் பொருத்தமான விளக்கம் இல்லை.

இங்கே இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். சென்னிமலையில் பிறந்த கொடிகாத்த குமரன் உயிர்நீத்தது 1932 ஜனவரி 11-ஆம் நாள். அசோகச் சக்கரம் பொறித்த கொடி ஏற்கப்பட்டதோ 1947 ஜூலை 22-ஆம் நாள். அவர் காலத்துக் கொடியின் நடுவில் இருந்தது ராட்டை. அவ்வாறிருக்க, சுவரொட்டிகளிலும் பள்ளி நாடகங்களிலும் அவர் கையில் சக்கரக் கொடியைக் கொடுப்பது அவர் பட்ட அடியின் காலத்தையே மாற்றிவிடுகிறது.

கொடியைச் செங்குத்தாகத் தொங்கவிடும்போது, பார்ப்பவரின் இடப்பக்கம் காவி வர வேண்டும். கொடியின் மீது கட்சிப் பெயரோ, கடைப் பெயரோ, எந்த எழுத்துமோ கூடாது. கிழிந்த கொடியைக் குப்பையில் போடாமல், தனியிடத்தில் எரித்தோ அதன் கண்ணியத்துக்கு ஏற்ற வேறு முறையிலோ முழுமையாக அப்புறப்படுத்த வேண்டும். விழா முடிந்தபின் தரையில் கிடக்கும் காகிதக் கொடிகளுக்கும் இதே விதிதான்.