பேஸ் ஓட்டத்தில் வரும் குழப்பங்கள்: அம்பயர் எதைப் பார்க்கிறார்?

கடலூரிலோ புதுச்சேரியிலோ பேஸ்பால் மட்டையைப் பிடிக்கிற பிள்ளை, அநேகமாக அதற்கு முன்பே கிரிக்கெட் மட்டையைப் பிடித்திருக்கும். பந்தை அடிக்கவும் பிடிக்கவும் அந்தப் பழக்கம் உதவும். ஹோம் பிளேட்டில் நின்று அடித்தவர் முதல், இரண்டாம், மூன்றாம் பேஸ்களை வரிசையாகத் தொட்டு மறுபடி ஹோம் பிளேட்டுக்கு வந்தால்தான் ரன். இந்த பேஸ் ஓட்டத்தில்தான் அந்தப் பழக்கம் காலை வாரிவிடும்.

முதல் தவறு, முன்னால் இருப்பவரைத் தாண்டுவது. கிரிக்கெட்டில் இருவரும் ஒருவரையொருவர் கடந்தால்தான் ரன். இங்கே பின்னால் வருபவர் முந்திவிட்டால் அந்த நொடியே அவுட். டேக் (பந்தோடு ரன்னரைத் தொடுவது) வேண்டாம், அப்பீலும் வேண்டாம். பந்தைப் பிடித்துவிடுவார்களோ என்று முன்னவர் பாதி வழியில் நின்று பார்ப்பார். அடித்தவர் குனிந்த தலை நிமிராமல் ஓடி வந்து அவரைத் தாண்டிவிடுவார். பந்து வேலிக்கு வெளியே போய் விழுந்திருந்தாலும் அடித்தவரின் ரன் போச்சு.

அடுத்தது, ஒரே பேஸில் இரண்டு பேர். இருவரும் நிற்பதாலேயே யாரும் அவுட் இல்லை. சாதாரணமாக பேஸ் முன்னவருக்குச் சொந்தம், பின்னால் வந்தவர் டேக் ஆனால் அவுட். ஆனால் அடித்தவர் முதல் பேஸுக்கு ஓடி வருவதால் பின்னவர் அங்கே வந்தே தீர வேண்டிய கட்டாயம் இருந்தால், பேஸ் பின்னவருக்குப் போய்விடும். அந்தக் கட்டாயத்துக்குப் பெயர்தான் ஃபோர்ஸ். அது இருந்தால், ரன்னர் வந்து சேருமுன் பந்தோடு அந்த பேஸை மிதித்தாலே அவர் அவுட். குழப்பமான எந்த ஓட்டத்திலும் அம்பயர் முதலில் பார்ப்பது அது இருக்கிறதா என்பதைத்தான். ஃபீல்டருக்கு இந்தக் கணக்கு வேண்டாம். இருவரையும் டேக் செய்தால் போதும், யார் அவுட் என்று அம்பயர் சொல்லட்டும். ரன்னர்களும் அவர் சொல்லும்வரை பேஸை விட்டு நகரக் கூடாது. 1926 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்காவின் புரூக்ளின் அணியில் மூன்று பேர் மூன்றாம் பேஸில் சேர்ந்துவிட்டார்கள். முன்னால் இருந்த டாஸி வான்சுக்கு பேஸ் கிடைத்தது. சிக் ஃபியூஸ்டரும், பந்தை அடித்த பேப் ஹெர்மனும் அவுட்.

ஸ்கோர் மேசையில் பெரிய சண்டை வருவது இன்னொரு இடத்தில். ஒரு அவுட் ஆகியிருக்கிறது. முதல் பேஸிலும் மூன்றாம் பேஸிலும் ஆள். பந்து உயரமாகப் போகிறது, தூரத்தில் கேட்ச். மூன்றாம் பேஸ்காரர் கேட்ச் ஆகும்வரை பொறுத்திருந்து ஓடி ஹோம் பிளேட்டைத் தொடுகிறார். முதல் பேஸ்காரர் கேட்ச் ஆகாது என்று நம்பி முன்பே கிளம்பியவர்; கேட்ச் ஆனதால் தன் பேஸுக்குத் திரும்பியே ஆக வேண்டும். அவர் திரும்புவதற்குள் பந்து முதல் பேஸுக்கு வந்துவிடுகிறது. ஃபீல்டர் பேஸை மிதிக்கிறார், மூன்றாவது அவுட், இன்னிங்ஸ் முடிந்தது. பேஸை மிதித்து அவுட் என்றால் ஃபோர்ஸ்தான் என்று எண்ணி ரன்னைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவார்கள். தப்பு. கேட்ச் ஆன உடனே அடித்தவர் அவுட். அதன்பின் யாருக்கும் கட்டாயம் இல்லை. ஹோம் பிளேட்டை முதலில் தொட்டிருந்தால் ரன் செல்லும்.

மூன்றாவது அவுட் உண்மையான ஃபோர்ஸாக இருந்தால் கதை தலைகீழ். எத்தனை பேர் ஹோம் பிளேட்டைத் தாண்டியிருந்தாலும் அந்த ஓட்டத்தில் ரன் கிடையாது. 1908 செப்டம்பர் 23, நியூயார்க் ஜயண்ட்ஸ், சிகாகோ கப்ஸ், 1-1. கடைசி இன்னிங்ஸில் இரண்டு அவுட். அல் பிரிட்வெல் அடித்த அடியில் மூன்றாம் பேஸ்காரர் ஹோமுக்கு வந்துவிட்டார். கூட்டம் மைதானத்துக்குள் இறங்கியது. முதல் பேஸிலிருந்த ஃபிரெட் மெர்க்கிள், 19 வயதுப் பையன், அடித்தவர் வருவதால் போயே தீர வேண்டிய இரண்டாம் பேஸைத் தொடாமல் பாதியில் திரும்பிவிட்டார். கப்ஸின் ஜானி எவர்ஸ் பந்தோடு இரண்டாம் பேஸை மிதித்தார், அம்பயர் ஹாங்க் ஓடே அவுட் கொடுத்தார். ஆட்டம் டிராவாக, அக்டோபர் 8 அன்று மறுபடி ஆடினார்கள். கப்ஸ் 4-2 என்று வென்று லீக் பட்டத்தையும் கொண்டுபோனது. பாவம், மெர்க்கிள் பெயர் இன்றும் இதற்காகத்தான் நினைவில் இருக்கிறது. வெற்றி ரன் வந்துவிட்டாலும் அடுத்த பேஸை மிதித்துவிட்டுக் கொண்டாடுங்கள்.

பேஸைத் தொடாமல் போனவரை அம்பயர் பார்த்திருந்தாலும் வாயைத் திறக்க மாட்டார். ஃபீல்டிங் அணி அப்பீல் செய்ய வேண்டும். இதைக் கிரிக்கெட்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் வெறுமனே கத்தினால் போதாது. ஆட்டம் நடப்பில் இருக்கும்போது, பந்தோடு அந்த பேஸை மிதித்து அல்லது ரன்னரைத் தொட்டு, யார் எதை விட்டார் என்று சொல்ல வேண்டும். அடுத்த பந்து வீசிவிட்டால் வாய்ப்பு முடிந்தது.

முதல் பேஸைத் தாண்டி ஓடியவர் இடப்பக்கம் திரும்பினால் டேக் செய்யலாம் என்பது நம்மூரில் மட்டும் உள்ள நம்பிக்கை அல்ல, ஆனால் தப்பு. எந்தப் பக்கம் திரும்பினாலும் பரவாயில்லை. இரண்டாம் பேஸுக்குப் போக முயன்றாரா என்பதுதான் கேள்வி.

2021 மே 27 அன்று பிட்ஸ்பர்க்கில் கப்ஸ் வீரர் ஹாவியர் பாயஸ் பந்தை அடித்துவிட்டு முதல் பேஸுக்குப் போகும் வழியில் திரும்பி ஹோமை நோக்கி ஓடினார். ஃபீல்டர் வில் கிரெய்க் பந்தோடு துரத்தினார். அதற்குள் இன்னொருவர் ரன் எடுத்துவிட்டார். அப்போது இரண்டு அவுட்! துரத்தாமல் முதல் பேஸை மிதித்திருந்தால் இன்னிங்ஸே முடிந்திருக்கும்.

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானம் மாதிரி திறந்தவெளியில், தரையில் பொருத்தாமல் வைத்த பேஸ் பை சறுக்கும்போது நழுவிப் போவதுண்டு. பத்திரமாகத் தொட்டுவிட்டவரின் வேகத்தில் பை பெயர்ந்து வந்தால், அந்த பேஸில் அவரை அவுட் ஆக்க முடியாது. அதே ஓட்டத்தில் பின்னால் வருபவர் பையைத் துரத்த வேண்டாம். அது இருந்த இடத்தைத் தொட்டாலே அம்பயர் ஏற்றுக்கொள்வார். ஆட்டத்துக்கு முன்பே பையைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டுவைத்தால் அந்த இடம் எது என்று யாரும் சண்டை போட முடியாது.