கூட்டுறவு பண்டகசாலைல வீகன் மளிகை வாங்கறது எப்படி? புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு

வீகனா மாறணும்னு நெனைக்கறவங்க எங்கிட்ட கேக்கற மொத கேள்வி எப்பவும் ஒண்ணுதானுங்க, "அதெல்லாம் கோயமுத்தூர்ல பெரிய மால்ல போய்த்தான வாங்கணும், நம்மூர்ல எங்க கெடைக்கும்?" அப்படின்னு. நான் இருக்கறது ஈரோடு மாவட்டத்துல கோபிசெட்டிபாளையம் பக்கம். மூணு வருசமா எங்க ஊட்டு மளிகைல முக்கால்வாசி கூட்டுறவு கடைலதான் வாங்கறேன், மீதி உழவர் சந்தைலயும் வாரச்சந்தைலயும் முடிஞ்சுரும். பாதாம் பாலு, டோஃபு, வெளிநாட்டு சீஸ் எதுவும் இல்லாமயே நல்லா சாப்படறோம், அதை எப்படின்னு படிப்படியா சொல்றேன்.

வீகன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வரி. கறி, மீன், முட்டை மட்டும் இல்லீங்க, பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், பன்னீர், தேன், இதுவும் கெடையாது. எங்க ஊட்ல மாடும் எருமையும் கட்டி வளத்தவங்கதான், கன்னுக்குட்டிய இழுத்துக் கட்டிட்டு பால் பீச்சறத சின்ன வயசுல தெனமும் பாத்திருக்கேன், அது கத்தறது மனசுலயே இருந்துச்சு, அதனாலதான் விட்டேன். உங்களுக்கு வேற காரணம் இருக்கலாம், ஒடம்புக்காகவும் இருக்கலாம், வாங்கற முறை எல்லாத்துக்கும் ஒண்ணுதான்.

ஸ்டெப் 1: எந்தக் கடைன்னு முடிவு பண்ணுங்க

நம்ம பக்கம் கூட்டுறவுன்னா ரெண்டு மூணு மாதிரி இருக்குது. ஒண்ணு ரேசன் கடை, தமிழ்நாட்டுல பெரும்பாலான ரேசன் கடைய நடத்தறதே கூட்டுறவு சங்கங்கதான். இன்னொண்ணு சூப்பர் மார்க்கெட் மாதிரி பெரிய பண்டகசாலை, கோயமுத்தூர்ல சிந்தாமணின்னு எல்லாத்துக்கும் தெரியுமே, அது மாதிரி. அப்புறம் விவசாயிங்களோட விற்பனை சங்கங்க, திருச்செங்கோடு, பெருந்துறை மாதிரி ஊர்கள்ல இருக்கறது. ரேசன்ல அடிப்படை சாமானு, பண்டகசாலைல மீதி எல்லாம், இப்படி பிரிச்சுக்குங்க.

ரேசன்ல கெடைக்கறதுல அரிசி, கோதுமை, சர்க்கரை, துவரம்பருப்பு, பாமாயில் எல்லாமே செடி மரத்துல இருந்து வர்றதுதான். பருப்பும் பாமாயிலும் 2007ல இருந்து குடுக்கறாங்க, பருப்பு கிலோ 30 ரூவா, பாமாயில் லிட்டர் 25 ரூவா. சர்க்கரைய பத்தி ஒரு சந்தேகம் வரும், வெளிநாட்டுல சில மில்லுங்கள்ல எலும்புக் கரியில வடிகட்டி வெளுப்பாக்கறாங்கன்னு படிச்சிருப்பீங்க, இங்கத்த மில்லுகள்ல பெரும்பாலும் சுண்ணாம்பும் கந்தகப் புகையும் வெச்சுத்தான் சுத்தம் பண்றாங்க, அதனால பயப்பட வேண்டியதில்ல. டீத்தூளும் கேட்டுப் பாருங்க, ஊட்டி டீன்னு ரேசன்ல வரும், நீலகிரி சிறு விவசாயிங்களோட கூட்டுறவு ஃபேக்டரிகள்ல இருந்து வர்றது.

ஸ்டெப் 2: பச்சைப் புள்ளிய மட்டும் நம்பாதீங்க

புதுசா வர்றவங்க எல்லாரும் தடுக்கி விழற எடம் இதுதானுங்க, அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்றேன். பாக்கெட் மேல பச்சைக் கட்டத்துக்குள்ள பச்சைப் புள்ளி இருந்தா அது சைவம். சைவம்னா வீகன் இல்ல. நம்ம நாட்டு லேபிள் சட்டத்துல பாலு, பால் பொருளுங்க, தேன், தேன்மெழுகு, அரக்கு இதையெல்லாம் அசைவக் கணக்குல சேக்க மாட்டாங்க, அதனால முழுக்க நெய்யிலயே செஞ்ச பண்டத்துக்கும் பச்சைப் புள்ளிதான் வரும். அசைவத்துக்கு முன்ன பழுப்புப் புள்ளி இருந்துச்சு, இப்ப பழுப்பு முக்கோணம்.

வீகனுக்குன்னே தனி முத்திரை இருக்குது, பச்சைக் கட்டத்துக்குள்ள ஆங்கில வி எழுத்து, அதுல சின்னதா ஒரு இலை. 2021ல அறிமுகம் பண்ணி 2022ல சட்டமாவே கொண்டு வந்தாங்க. ஆனா அந்த முத்திரைய நம்மூர் கூட்டுறவு கடைல நான் அபூர்வமாத்தான் பாத்திருக்கேன், அதுக்குன்னு காத்திருந்தா பட்டினிதான். முத்திரை இல்லைங்கறதுக்காக அது வீகன் இல்லைன்னு ஆகாது, துவரம்பருப்புக்கு யாரு முத்திரை வாங்கப் போறாங்க?

அதனால பாக்கெட்ட திருப்பிப் பின்னாடி படிங்க. இன்கிரீடியன்ட்ஸ்னு போட்டிருக்கற எடத்துல எடைல எது அதிகமோ அது மொதல்ல வரும், கம்மியா இருக்கறது கடைசில. அதுல மில்க் சாலிட்ஸ், ஸ்கிம்டு மில்க் பவுடர், வே பவுடர், கேசினேட் (இது ரெண்டும் பால்ல இருந்து எடுக்கறதுதான்), பட்டர், கீ, கர்டு, ஹனி இந்த வார்த்தைங்க இருக்குதான்னு பாருங்க. படிக்க நேரமில்லைன்னா பட்டியலுக்குக் கீழ தடிச்ச எழுத்துல "கண்டெய்ன்ஸ் மில்க்" இருக்குதான்னு மட்டும் பாத்தாலும் பாலு இருக்கறது தெரிஞ்சுரும், அலர்ஜி உள்ளவங்களுக்காக அதை கண்டிப்பா போடணும்னு சட்டம். "மே கண்டெய்ன் டிரேசஸ் ஆஃப் மில்க்"னு இருந்தா அது வேற, அதே மெசின்ல பால் பண்டமும் செய்யறாங்க, துளி ஒட்டியிருக்கலாம்னு அர்த்தம். நான் அதை வாங்கிக்குவேன், பால் அலர்ஜி உள்ளவங்க வாங்கக் கூடாது. மிட்டாய் வகைல நம்பரா 901னு இருந்தா தேன்மெழுகு, 904னு இருந்தா அரக்குப் பூச்சில இருந்து எடுக்கற பளபளப்பு பூச்சு.

ஸ்டெப் 3: கடைக்காரர்கிட்ட கேக்கற விதம்

வீகன்னு சொன்னா நெறைய பேருக்குப் புரியாது, சுத்த சைவம்னு கேட்டா நெய்யி ஊத்துனதையே எடுத்துக் குடுப்பாங்க, அவங்க மேல தப்பில்ல, நம்ம ஊர்ல சைவத்துக்கு அதுதான அர்த்தம். நேரா கேளுங்க: "அண்ணா, இதுல பாலு, தயிரு, நெய்யி, தேனு ஏதாச்சும் சேத்திருக்குதுங்களா?" அவ்வளவுதான். எங்க கடைல பில் போடற அண்ணன் மொதல்ல "ஏனம்மிணி, ஒடம்புக்கு ஏதாச்சும் ஆகாதுங்களா"ன்னு விசாரிச்சாரு, இல்லீங்ணா, நானா விட்டுட்டேன்னு சொன்னேன், அப்ப இருந்து புது சரக்கு வந்தா அவரே பின்னாடி படிச்சுப் பாத்து "இது வேண்டாம் அம்மிணி, பால் பவுடர் போட்டிருக்கான்"னு சொல்லிருவாரு. சில்லறையா கட்டித் தர்ற சாமானுக்கு லேபிளே இருக்காது, அதுக்கு இப்படி கேக்கறது ஒண்ணுதான் வழி.

ஸ்டெப் 4: அலமாரி அலமாரியா போங்க

மொத பருப்பு பக்கம். கொள்ளு, தட்டைப்பயறு, பச்சைப்பயறு, உளுந்து, கொண்டக்கடலை, மொச்சை எல்லாமே கண்ண மூடிட்டு எடுக்கலாம். கொள்ளு நம்ம கொங்கு நாட்டுச் சொத்துங்க, 100 கிராம்ல 20 கிராமுக்கு மேல புரதம் இருக்குது, வேக வெச்ச தண்ணிய ரசம் வெச்சுட்டு பருப்ப கடைஞ்சா ஒரே வேலைல ரெண்டு. மீல் மேக்கர் பாக்கெட்டும் இந்தப் பக்கமே இருக்கும், சோயா மாவுதான், எண்ணெய் எடுத்த பொறவு வர்றது, எடைல பாதி புரதம். கறிக்கொழம்பு மசாலால போட்டா பசங்க தட்டுல எதுவும் மிச்சம் வெக்க மாட்டாங்க.

தானியத்துல ராகி, கம்பு, சோளம். பாலு விட்டா சுண்ணாம்புச் சத்துக்கு என்ன பண்றதுன்னு எல்லா ஒறம்பரையும் கேப்பாங்க, ராகில 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல இருக்குது, பால்ல அதே எடைக்கு 120 பக்கம்தான். எள்ளு இன்னும் எச்சா, ஆயிரத்தையே தாண்டும். ஒரு எள்ளுருண்டை தெனமும் சாப்புடுங்க, நாட்டுச்சர்க்கரைல புடிச்சது.

நாட்டுச்சர்க்கரைன்னா கவுந்தப்பாடி. பழனி கோயில்ல பஞ்சாமிர்தத்துக்கு அங்கிருந்துதான் மூட்டை மூட்டையா வாங்கிட்டுப் போறாங்க. பஞ்சாமிர்தம் வீகன் இல்லீங்க, அதுல நெய்யும் தேனும் சேரும், யாராச்சும் பிரசாதமா குடுத்தா என்ன பண்றதுங்கறது அவங்கவங்க மனசு, நான் அதுல யாரையும் கொறை சொல்ல மாட்டேன்.

எண்ணெய்ல கடலெண்ணெய், நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், நம்ம பக்கம் செக்குல ஆட்டுனதே தாராளமா கெடைக்குது. நெய்க்குப் பதிலா என்னன்னு தேட வேண்டாம், அரிசி பருப்பு சோத்துக்கு சூடா இருக்கறப்ப நல்லெண்ணெய் ஊத்திப் பெசஞ்சு பாருங்க. ஊத்துக்குளி வெண்ணெய் வாசத்துல வளந்த நாக்குதான் என்னோடதும், பழக ஒரு மாசம் ஆச்சு, பழகிருச்சு.

மசாலால மஞ்சத்தூள், மல்லித்தூள், சாம்பார்ப்பொடி எல்லாம் சரி. கூட்டுறவோட மங்களம் மஞ்சத்தூள் கெடைச்சா எடுங்க, ஈரோட்டு மஞ்சளுக்கு 2019ல புவிசார் குறியீடு வேற வந்துருச்சு, நம்ம மண்ணுல வெளஞ்சத நம்ம சங்கத்துலயே வாங்கறதுல ஒரு சந்தோசம் இருக்குதுங்க.

ஸ்டெப் 5: ஏமாந்து போற எடங்க

மோர் மொளகாய். பேர்லயே மோர் இருக்குது, ஆனா நான் ஆறு மாசம் அதை யோசிக்கவே இல்லாம வறுத்துத் தின்னுட்டு இருந்தேன், தெரிஞ்சப்ப ரொம்ப வருத்தமா போச்சு. சுண்டக்காய் வத்தல், மணத்தக்காளி வத்தலும் பல எடத்துல மோர்ல ஊற வெச்சுத்தான் காய வெப்பாங்க, கேட்டு வாங்குங்க, உப்புல மட்டும் போட்டதும் இருக்கும். இல்லைன்னா வெயில் காலத்துல நீங்களே எலுமிச்சம்பழச் சாறும் உப்பும் போட்டு மொளகாய ஊற வெச்சு காய வெச்சுக்கலாம், புளிப்பு சரியா ஏறும்.

அப்புறம் சத்துமாவு, பாயசம் மிக்ஸ், பொங்கல் மிக்ஸ், பாதாம் மிக்ஸ், டீ பிரீமிக்ஸ், ரஸ்க், பன், பிஸ்கட், இதுல எல்லாம் பால் பவுடரோ நெய்யோ ஒளிஞ்சிருக்கும், ஒவ்வொரு தடவையும் திருப்பிப் பாருங்க, போன மாசம் இல்லாதது இந்த மாசம் சேத்திருப்பாங்க. வெறும் டீத்தூள், காபித்தூள், அப்பளம், சேமியா, நல்லெண்ணெய் ஊறுகாய், கடலை மிட்டாய் இதுல எல்லாம் பெரும்பாலும் பிரச்சனை வர்றதில்ல, கடலை மிட்டாய்ல மட்டும் நெய் வாசம்னு போட்டிருந்தா கவனிங்க.

ஸ்டெப் 6: பி12 விசயத்துல விளையாடாதீங்க

இதை தயவுசெஞ்சு தாண்டிப் போயிராதீங்க. பி12ங்கறது ஒரு வைட்டமின், செடி கொடில இருந்து அது நம்பி எடுக்கற மாதிரி கெடைக்காது. ரேசன் அரிசில செறிவூட்டின அரிசி கலந்து வர்றதுண்டு, அதை சில பேரு பிளாஸ்டிக் அரிசின்னு பொறுக்கி வெளிய வீசறாங்க, அது அரிசிமாவுல இரும்புச்சத்து, ஃபோலிக் ஆசிட், பி12 சேத்து அரிசி மாதிரியே செஞ்சது, வீசாதீங்க. ஆனா அது மட்டும் போதாது, கணக்குப் பாருங்க: கிலோவுக்கு 0.75ல இருந்து 1.25 மைக்ரோகிராம் வரைக்கும்தான் பி12 இருக்கும், பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கே 2 மைக்ரோகிராமுக்கு மேல வேணும். தெனமும் ரெண்டு கிலோ அரிசி யாரு திங்கறது? டாக்டர்கிட்ட சொல்லி ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு மாத்திரை எடுத்துக்குங்க. நானும் எடுக்கறேன், எங்க அம்மாவுக்கும் வாங்கித் தர்றேன், அவங்க பாலு குடிக்கறவங்கதான், இருந்தும் கம்மியாத்தான் இருந்துச்சு.

ஸ்டெப் 7: மொத மாசத்துக்கு என் பட்டியல், அப்புறம் தயிரு

நாலு பேரு உள்ள ஊட்டுக்கு அரிசி தவிர்த்து நான் எழுதறது இப்படி இருக்கும்: துவரம்பருப்பு ரெண்டு கிலோ, கொள்ளு ஒண்ணு, பச்சைப்பயறு ஒண்ணு, தட்டைப்பயறு அரை, ராகி மாவு ரெண்டு, மீல் மேக்கர் அரை, எள்ளு அரை, நாட்டுச்சர்க்கரை ரெண்டு, கடலெண்ணெய் ரெண்டு லிட்டர், நல்லெண்ணெய் ஒண்ணு, பச்சை நெலக்கடலை ரெண்டு கிலோ. தேங்காய் கடைல வாங்க மாட்டேன், பொள்ளாச்சி காய் சந்தைலயே நல்லா கெடைக்கும், சந்தகைக்கு, அதாவது நம்ம பக்கத்து இடியாப்பத்துக்கு, தேங்காப்பால் ஊத்திக்க அது வேணும்.

நெலக்கடலை எதுக்கு ரெண்டு கிலோன்னா தயிருக்கு. தயிரு இல்லாம எப்படி சோறு திங்கறதுன்னுதான் பாதி பேரு வீகன் பக்கமே வர மாட்டேங்கறாங்க. ஒரு டம்ளர் கடலைய ராத்திரி ஊறப் போட்டு காலைல தோல உரிச்சு மூணு டம்ளர் தண்ணி விட்டு நைசா அரைச்சு துணில புழிஞ்சு வடிகட்டுங்க. அந்தப் பால அடி புடிக்காம கிண்டிட்டே ஒரு பத்து நிமிசம் கொதிக்க வெக்கணும், பொங்கும், பக்கத்துலயே நில்லுங்க. கை பொறுக்கற சூட்டுக்கு ஆறுனதும் பச்சை மொளகாய்ல இருந்து கிள்ளுன காம்பு அஞ்சாறு கழுவிப் போட்டு மூடி சூடான எடத்துல வெச்சுருங்க. பத்து பன்னெண்டு மணி நேரம் ஆகும், மார்கழி குளிர்ல இன்னும் எச்சா ஆகும், நான் அரிசிப் பானைக்குள்ள வெச்சு எடுப்பேன். மொத தடவை தளதளன்னுதான் இருக்கும், கடலை வாசமும் அடிக்கும். காம்ப எடுத்துப் போட்டுட்டு அதுல ரெண்டு கரண்டி எடுத்து வெச்சு அடுத்த தடவைக்கு உறை ஊத்துங்க, மூணாவது தடவைல நல்லா கெட்டியா உறையும், அதுல கடுகு கருவேப்பிலை தாளிச்சு சோத்துல போட்டுப் பெசஞ்சுக்கலாம்.