தேசிய மீள்சுழற்சிச் சங்கத்தில் பதவி கேட்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த முறையும் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து சிலர் தேசிய சங்கத்தின் நிர்வாக சபைக்குப் போட்டியிடத் தயாராகிறார்கள். நல்ல விஷயம். படிவத்தை நிரப்பிக்கொண்டு வந்து “அண்ணன், ஒருக்காப் பாருங்க” என்கிறார்கள். பார்த்தால், எங்கள் ஆட்கள் காலங்காலமாக விட்டுவந்த அதே பிழைகள், எழுத்து மாறாமல். கையொப்பம் மறப்பது, கடைசித் திகதியைத் தவறவிடுவது போன்றவற்றுக்கு நான் எழுதித் தெரிய வேண்டியதில்லை. மற்றவற்றைச் சொல்கிறேன்.

சேகரித்ததை மீள்சுழற்சி என்று எழுதுவது

இந்த ஒன்றை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல்தான்.

எங்கள் பக்கம் பெரும்பாலும் நடப்பது வாங்குவது, தரம் பிரிப்பது, அழுத்திப் பெரிய கட்டாக, அதாவது பேலாகக் கட்டுவது, லொறி ஏற்றுவது. காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை என்று எங்கே போனாலும் இதுதான். கழுவி அரைத்துத் துருவலாக்கும் பெரிய ஆலைகள் அநேகமாக மேல் மாகாணத்துப் பக்கம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாங்கள் பொறுக்கிப் பிரித்து அனுப்பாவிட்டால் அந்த ஆலைகள் எதை அரைக்கும்? ஆனால் வேட்புமனுவில் ‘அனுபவம்’ என்ற கட்டம் வந்ததும் கை தானாக எழுதிவிடுகிறது: “மாதாந்தம் இத்தனை தொன் பிளாஸ்டிக் மீள்சுழற்சி செய்கிறோம்.”

கல்முனைப் பக்கத்துத் தம்பி ஒருவர். உழைப்பாளி, பேச்சும் நல்லது. நேர்காணலில் மேசைக்கு இந்தப் பக்கம் நானும் இருந்தேன். அவர் எழுதியிருந்த வருடத் தொகை மலைக்க வைத்தது. லொறியில் அனுப்பியதோடு, பிரதேச சபை உழவு இயந்திரம் அவருடைய முற்றத்தில் கொட்டியதையும் கூட்டியிருந்தார். கடற்கரைச் சிரமதானத்தில் கட்டிய மூட்டைகளையும் விடவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்தவரோ அவருடைய பேல்களில் பெரும்பங்கை வாங்குகிற ஆலை முதலாளி. அவர் கொப்பியைத் திறக்கக்கூட இல்லை. “எங்களுக்கு வந்தது இதில் பாதிகூட இல்லையே தம்பி, மிச்சம் எங்கே?” என்று கேட்டார். பதில் இல்லை. “கழுவுகிற தண்ணீரை எங்கே விடுகிறீர்கள்?” அதற்கும் இல்லை. கழுவினால்தானே தண்ணீர்!

அவர் தோற்றதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அதற்குப் பிறகு கிழக்கிலிருந்து யார் எந்தக் கணக்கைக் கொண்டுபோனாலும் முதல் கேள்வி “பற்றுச்சீட்டு இருக்கா?” என்பதுதான். ஒழுங்காகக் கணக்கு வைத்திருப்பவனும் சேர்ந்து தலைகுனிய வேண்டியிருக்கிறது.

தண்ணீரும் சோடாவும் வருகிற பெட் (PET) பிளாஸ்டிக் போத்தல் ஒன்று போகிற வழியைப் பாருங்கள். உங்கள் தராசில் ஏறும்போது அதோடு மூடி, லேபல், அடியில் மிச்சத் தண்ணீர், கடற்கரையில் பொறுக்கியதென்றால் மணலும் ஏறும். மாரியில் கட்டிய காட்போட் பேலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பாதி மழையைத்தான் விற்கிறோம். ஆலையில் ஈரத்துக்குக் கழிப்பார்கள். லேபல் போகும். அரைத்துத் தொட்டியில் போட்டால் பெட் அடியில் தங்கும், மூடித்துண்டு மிதக்கும், அதை வேறாக அள்ளுவார்கள். நூறு கிலோ அனுப்பினால் நூறு கிலோ துருவல் ஒருநாளும் வராது.

ஆகவே மூன்று நிறையைத் தனித்தனியே எழுதுங்கள்: நீங்கள் வாங்கியது, அனுப்பியது, ஆலை ஏற்றுக்கொண்டது. சபையில் எடுபடுவது கடைசி நிறைதான். அதற்குச் சான்று ஆலையின் நிறுவைச் சீட்டு. பல இடங்களில் அது வங்கி இயந்திரம் தருவது போன்ற மெல்லிய வழுவழுத் தாளில் வரும். சட்டைப்பையிலும் லொறி டாஷ்போர்டிலும் கிடந்தால் கொஞ்ச நாளில் எழுத்து மங்கி வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். கிடைத்த அன்றே போட்டோகொப்பி எடுத்து மாதவாரியாகக் கோப்பில் போடுங்கள்.

அப்புறம், யாரும் வாங்காமல் கிடக்கிற சாமானையும் எழுதுங்கள். பல அடுக்கு ஒட்டிய தாளில் வரும் பிஸ்கட் உறை, சம்போ பைக்கற்று. எவ்வளவு கிடக்கிறது, கடைசியில் எங்கே போகிறது என்று உள்ளதைச் சொல்பவரைத்தான் சபை நிமிர்ந்து பார்க்கிறது. தேசிய சங்கம் உட்கார்ந்து பேச வேண்டிய பிரச்சினையே அதுதானே.

யானைப் படம்

அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று யானைகள் செத்த செய்தி 2022இல் உலகம் முழுக்கப் போனது. அன்று முதல் எங்கள் பக்கத்து விளக்கக்காட்சி எல்லாவற்றிலும் முதல் படம் அந்த யானைதான். சபையில் எல்லாரும் பார்த்த படம். வேலி போதுமா, வீட்டிலேயே குப்பை பிரிக்க வேண்டுமா, அதற்கு எந்தப் பிரதேச சபையோடு பேசினீர்கள்? இவற்றுக்குப் பதில் இருந்தால் படத்தைப் போடுங்கள்.

வர்த்தமானி பார்க்காமல் வாக்குறுதி

“உறிஞ்சுகுழாயைத் தடை செய்யப் போராடுவேன்” என்று ஒருவர் முழங்கினார். அது 2023 ஒக்டோபர் 1 முதலே தடை. பிளாஸ்டிக் கரண்டி, பூமாலை, இடியப்பத் தட்டு எல்லாம் அதே பட்டியலில் உண்டு. உணவும் மருந்தும் தவிர்ந்த 20 மில்லிலீற்றருக்கு உட்பட்ட சிறு பைக்கற்றுகளுக்கு 2021 மார்ச் 31இலேயே தடை வந்துவிட்டது. தடை இருந்தும் சந்தையில் ஏன் கிடைக்கிறது என்று கேட்டிருந்தால் அந்தப் பேச்சு எடுபட்டிருக்கும்.

சிங்களம்

விலை பேசத் தெரிந்தால் போதாது. நிதியறிக்கை வாசிக்கத் தெரிய வேண்டும்.

கைதட்டுபவர்களை வாக்காளர் என்று எண்ணுவது

உங்களுக்குச் சாமான் தரும் பழைய இரும்புக் கடைக்காரர்களும் வீடு வீடாகப் போய் எடுப்பவர்களும் உங்கள் பக்கம்தான். சரி, அவர்களில் சங்க உறுப்பினர் எத்தனை பேர்? சந்தா கட்டியவர் எத்தனை பேர்? பேருந்து பிடித்து ஆட்களைக் கொழும்புக்கு ஏற்றிப்போய், பதிவு மேசையில் பெயரில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டதைக் கண்டிருக்கிறேன். அந்தப் பேருந்துக் காசில் பாதிப்பேரின் சந்தாவையே கட்டியிருக்கலாம். சங்கத்தின் விதிகள் அடங்கிய யாப்பை வாங்கி, வாக்குரிமைக்கான கடைசித் திகதியைப் பாருங்கள். உறுப்புரிமை கடையின் பெயரில் இருந்தால், வருபவர் கையில் கடையின் கடிதத்தலைப்பில் அதிகாரக் கடிதம் வேண்டுமா என்பதையும் செயலாளரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

“கிழக்குக்கு ஒரு இடம் தாருங்கள்”

கேட்டால் தருவார்கள். மாகாண இணைப்பாளர் என்று விசிட்டிங் கார்ட் வரும், கூட்டத்துக்கு அழைப்பு வராது.

போக்குவரத்து

கூட்டம் கொழும்பில், அதுவும் அநேகமாக வேலை நாளில். இரவு ரயிலில் போய், முகம் கழுவிக்கொண்டு நேரே கூட்டத்துக்கு, திரும்பவும் இரவு ரயில். இரண்டு நாளைக்கு யார் கடையைப் பார்ப்பது என்று வீட்டில் முதலே பேசிவிடுங்கள். சூம் வழியாக வந்தால் கோரத்தில், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான ஆள் கணக்கில், சேர்ப்பார்களா என்பதையும் போட்டியிட முன்பே கேளுங்கள். சில சங்கங்களில் சேர்ப்பதில்லை. தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வராவிட்டால் பதவி தானாகவே போய்விடும் என்ற விதியும் பல யாப்புகளில் உண்டு.