பெரிய இணையதளத்தைப் புதுப்பிக்கும்போது எங்கே சறுக்குகிறோம்?

பெங்களூரில் ஐடி வேலையில் இருக்கும் நம்மவர்கள் பலருக்கும் இந்த வேலை ஒரு நாள் வந்து சேரும். பத்து வருடமாக ஆளாளுக்கு ஒட்டுப் போட்ட கம்பெனித் தளம், ஆயிரக்கணக்கில் பக்கங்கள். அதை வேகமாக ஓடும்படி புதிதாகக் கட்ட வேண்டும். உடனே எந்தக் கருவியில் எழுதுவது, ரியாக்டா, வேறு ஏதாவதா என்று விவாதம் தொடங்கிவிடும். முதல் தவறே அதுதான்.

முதலில் கணக்கெடுங்கள். எந்தப் பக்கத்துக்கு ஆள் வருகிறது, எதற்கு வெளியிலிருந்து லிங்க் இருக்கிறது என்பதை சர்வர் லாகும் (வருகைப் பதிவேடு), கூகுள் தரும் சர்ச் கன்சோல் கருவியும் சொல்லிவிடும். யாரும் எட்டிப் பார்க்காத பக்கங்களையும் சுமந்துகொண்டு போனால், பராமரிப்பு எப்படி எளிதாகும்?

அதிகம் அடிபடுவது ரீடைரக்டில், அதாவது பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்குத் திருப்பிவிடுவதில்தான். முகவரி மாறும் ஒவ்வொரு பக்கத்தையும் அதற்கு இணையான புதிய பக்கத்துக்கே 301 (நிரந்தரமாக மாறிவிட்டது என்று சொல்லும் குறியீடு) போட்டு அனுப்ப வேண்டும். நேரமில்லை என்று எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிடுகிறார்கள். வாரண்டி படிவம் தேடி வந்தவர் முகப்பில் வந்து முழிப்பார். கூகுளும் அதை இல்லாத பக்கமாகவே எடுத்துக்கொள்ளும். இந்த ரீடைரக்டுகளைக் குறைந்தது ஒரு வருடம் விட்டுவையுங்கள். அப்புறம், டெஸ்ட் தளத்தில் ‘தேடலில் காட்டாதே’ என்று போட்ட நோஇண்டெக்ஸ் வரியை வெளியிடும் நாளில் எடுக்க மறந்தால் தேடலில் தளமே காணாமல் போகும்.

வேகத்தை பெள்ளந்தூர் ஆபீஸ் வைஃபையில், விலை உயர்ந்த லேப்டாப்பில் அளக்காதீர்கள். ஓசூர் பஸ்ஸில் நின்றபடி மலிவான ஆண்ட்ராய்டில் திறப்பவருக்கு எப்படி இருக்கிறது என்பதே கணக்கு. கூகுளின் அளவுகோல்படி பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும். தொட்டால் 200 மில்லிவிநாடிக்குள் அசைய வேண்டும். அதுவும் நிஜ வருகைகளில் 75 சதவீதத்துக்காவது. முகப்பின் பெரிய படத்துக்கும் சேர்த்து லேசி லோடிங் (திரைக்கு அருகில் வரும்போது மட்டும் படத்தை ஏற்றுவது) போட்டால், முதலில் வர வேண்டியது தாமதமாகும்.

எவ்வளவு சுத்தமாக எழுதினாலும், மார்க்கெட்டிங் கேட்ட சாட் விட்ஜெட், டிராக்கிங் ஸ்கிரிப்ட் எல்லாம் திரும்ப ஏறினால் பலனில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர் வேண்டும். ஆள் இல்லாததை நீக்கிவிடுங்கள்.

ஒரே ராத்திரியில் முழுத் தளத்தையும் மாற்றுவது தேவையற்ற ரிஸ்க். வேலைவாய்ப்புப் பக்கம் போல ஒரு பகுதியை முதலில் புதிய சர்வருக்குத் திருப்புங்கள். மீதி பழையதிலேயே ஓடட்டும். சிக்கல் வந்தால் அந்தப் பகுதியை மட்டும் பின்வாங்கிக்கொள்ளலாம்.