மலைக்கிராமத்தின் வன உரிமைக் கோரிக்கை: எழுதும் முன் பார்க்க வேண்டியவை

பழங்குடியினர் மிகுந்த பகுதிகளுக்குத் தனி நிர்வாக ஏற்பாடு தரும் அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணையில் வரும் பகுதி தமிழ்நாட்டில் ஓரடிகூடக் கிடையாது. அதனால் 1996ஆம் ஆண்டின் பெசா சட்டம் (அட்டவணைப் பகுதிகளுக்கான ஊராட்சிச் சட்டம்) ஒடிசா, ஜார்க்கண்ட் கிராம சபைகளுக்குத் தரும் அதிகாரத்தை நீலகிரியிலோ சத்தியமங்கலத்திலோ கேட்க முடியாது. நமக்கு இருக்கும் பிடி, காட்டில் தலைமுறைகளாக வாழ்வோரின் நில, வன உரிமைகளை ஏற்கும் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். அட்டவணைப் பகுதியா இல்லையா என்று அது பார்ப்பதில்லை.

அடுத்தது சாதிச் சான்று. மலையாளி என்ற மலைவாழ் சமூகம் (கேரளத்தவர் அல்ல) சேலத்திலும் தருமபுரியிலும் பழங்குடி. ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் அதே மக்கள் பழங்குடிப் பட்டியலில் இல்லை. இப்படிப்பட்டவர்கள் 'பிற பாரம்பரிய வனவாசிகள்' பிரிவில் கேட்கலாம். 13.12.2005க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். இந்த 75 ஆண்டு குடியிருப்புக்கும் காட்டை நம்பிய பிழைப்புக்கும்தான். அதே வயலை 75 ஆண்டு உழுததற்குச் சான்று கேட்டால் அது தவறான கேள்வி. பதிலை எழுத்தில் கொடுங்கள்.

பல கோரிக்கைகள் கிராம சபையிலேயே சறுக்குகின்றன. ஊராட்சி முழுவதற்கும் ஒரே சபை கூட்டினால் அடிவாரத்து ஊர்களும் சேர்ந்துவிடும், ஆள் வராது. பழைய குடியிருப்புகளும் அளவை செய்யப்படாத ஊர்களும் இந்தச் சட்டப்படி தனிக் கிராமங்களே. உங்கள் குக்கிராம அளவில் சபை கூட்டச் சொல்லிக் கேளுங்கள். உறுப்பினர்களில், அதாவது ஊரின் வயதுவந்தோரில், பாதிப்பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கோரிக்கை மீது தீர்மானம் என்றால், கோரியவர்களிலும் பாதிப்பேர் இருக்க வேண்டும். வயதுவந்தோரை முன்னதாகவே எண்ணிப் பதிவேட்டில் எழுதிவிடுங்கள். அந்த எண் இல்லாத தீர்மானத்தைப் பிறகு யாரும் அசைத்துவிடலாம். கோரிக்கைகளைச் சரிபார்க்கச் சபை தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழுவில் 10 முதல் 15 பேர். பழங்குடியினர் உள்ள ஊரில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு அவர்கள், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள்.

படிவம் ஏ தனிநபருக்கு: 13.12.2005 அன்று கையில் இருந்த நிலம், அதிகபட்சம் 4 ஹெக்டேர். படிவம் பி மேய்ச்சல், மீன், சிறு வனப்பொருள் போன்றவற்றுக்கு. படிவம் சி-யை நிறைய ஊர்கள் தொடுவதே இல்லை. காட்டைக் காக்கவும் மேலாண்மை செய்யவும் ஊருக்கே உரிமை தருவது அதுதான். எங்களைக் கேட்டால் முதலில் எழுத வேண்டியதும் அதுதான்.

கோரும் காட்டின் எல்லையைப் பெரியவர்களோடு நடந்தே குறியுங்கள்: ஓடை, பாறை, கோயில், இடுகாடு, பழைய கிணறு. பக்கத்து ஊர்களைக் கூப்பிடாமல் வரைந்தால் தகராறு அங்கிருந்தே கிளம்பும். குறைந்தது இரண்டு சான்றுகள் வேண்டும். கோரிக்கையாளர் அல்லாத முதியவரின் எழுத்து வாக்குமூலமும் ஒன்றாக எடுபடும். செயற்கைக்கோள் படம் கூடுதல் சான்றுதான், மற்றவற்றுக்கு மாற்று அல்ல.

கள ஆய்வுக்கு வனத்துறை, வருவாய்த்துறை இரண்டுக்கும் கடிதம் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். வராமல் இருந்துவிட்டு அதையே காரணம் காட்டி ஆட்சேபித்தால் மறுமுறை ஆய்வுக்கு அழைக்கலாம். அதற்கும் வராவிட்டால் கள ஆய்வைப் பொறுத்தவரை கிராம சபை முடிவே இறுதி.

பிறகு கோப்பு கோட்ட அளவிலான குழுவுக்கும் ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கும் போகும். கோட்டக் குழுவின் முடிவு பாதகமாக வந்தால் 60 நாளுக்குள் மாவட்டக் குழுவிடம் மனு கொடுக்கலாம். சரிபார்ப்பு முடியும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது.

உரிமைப் பத்திரம் வந்ததும் பரப்பளவைப் பாருங்கள். கேட்டதைவிடக் குறைந்திருந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தனிநபர் பத்திரத்தில் கணவன், மனைவி இருவர் பெயரும் இருக்க வேண்டும். நிலம் வாரிசுக்குப் போகும், விற்க முடியாது.